மேஜைக்கு எது ஏற்றது? டி.வி.யா, மானிட்டரா?

அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும்போது வீட்டுக்கு ஒரு சாமான் வாங்குவது தஞ்சைத் தரணியில் பழைய வழக்கம். ஒரு காலத்தில் அது வெண்கலப் பானையாக இருந்தது. பிறகு சைக்கிள். பிறகு ரேடியோ. அப்புறம் டெலிவிஷன் வந்தது. இப்போது பல வீடுகளில் ஒரு புதிய சந்தேகம் கிளம்பி இருக்கிறது.

பிள்ளை படிக்கும் மேஜைக்கு ஒரு பெரிய திரை வேண்டும். அதற்கு டி.வி. வாங்குவதா? மானிட்டர் வாங்குவதா?

"இது ஒரு பெரிய விஷயமா?" என்று கேட்கலாம். ரூபாய் 10 ஆயிரம் என்பது நெல் விளைவிக்கும் குடும்பத்துக்குப் பெரிய விஷயம்தான். பிள்ளையின் கண் அதைவிடப் பெரிய விஷயம்.

திடீரென்று ஏன் இந்தக் கேள்வி?

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் தமிழக பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. கல்லூரி மாணவ, மாணவிகள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்பது அந்த அறிவிப்பு. 2026 ஜனவரியில் லேப்டாப்புகளை வழங்கத் தொடங்கினார்கள். கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி என்று எங்கே பார்த்தாலும் கல்லூரிகள் உள்ள பகுதி இது. கும்பகோணம் அரசு கல்லூரி 1854-ம் ஆண்டிலேயே தோன்றியது. ஆகவே இங்கே லேப்டாப் நுழையும் வீடுகளுக்குப் பஞ்சம் இல்லை.

வேலையும் ஊரைத் தேடி வரத் தொடங்கி இருக்கிறது. தஞ்சாவூரை அடுத்த மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பர் 23-ந்தேதி "டைடல் நியோ" என்ற கம்ப்யூட்டர் தொழில் கட்டிடம் திறக்கப்பட்டது. பரப்பளவு 55 ஆயிரம் சதுர அடி. சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிய பிள்ளைகளில் சிலர் இப்போது சொந்த ஊரிலோ, சொந்த வீட்டிலோ உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

ஆனால், லேப்டாப்பின் திரை சின்னது. 14 அங்குலம், மிஞ்சினால் 15 அங்குலம்தான். அதைப் பார்த்துக் குனிந்து குனிந்து கழுத்து வலிக்கிறது. "ஒரு பெரிய திரை இருந்தால் இதை அதில் மாட்டிக் கொள்ளலாமே" என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

வீட்டில் நடக்கும் பேச்சு

அதற்குப் பிறகு வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"அப்பா, எனக்கு ஒரு மானிட்டர் வாங்கித் தாங்கப்பா."

"மானிட்டரா? அதுல படம் தெரியுமாம்மா?"

"தெரியும்ப்பா. ஆனா சத்தம் வராது."

"சத்தம் வராத பெட்டிக்கு 8 ஆயிரம் ரூபாயா? அதுக்கு இன்னும் 3 ஆயிரம் போட்டா பெரிய டி.வி.யே வருமே!"

இந்த நேரத்தில் அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் கேட்கும். "டி.வி.யே வாங்குங்க. நானும் சாயங்காலம் நாடகம் பார்ப்பேன்ல!"

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அம்மா சொல்வதிலும் இருக்கிறது. மகள் கேட்பதில் இன்னும் கொஞ்சம் அதிகம் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

(மானிட்டர் என்றதும் வகுப்புச் சட்டாம்பிள்ளையை நினைத்துக் கொள்ளும் பெரியவர்களும் உண்டு. இது அது அல்ல. கம்ப்யூட்டர் அனுப்புவதைக் காட்டும் வெறும் திரை. தனியாக நின்றால் அது எதையும் காட்டாது. அதற்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரோ லேப்டாப்போ இருந்தே ஆக வேண்டும்.)

முதலில் இரண்டும் ஒன்றுதான்

விந்தை என்னவென்றால், வீட்டுக் கம்ப்யூட்டர் பிறந்தபோது அதற்குத் திரையாக இருந்தது டி.வி.தான்! 1982-ல் இங்கிலாந்தில் "சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம்" என்ற சிறிய கம்ப்யூட்டர் வந்தது. விலை மலிவு. காரணம், அதற்குத் திரை கிடையாது. வீட்டில் இருக்கும் டி.வி.யில் செருகிக் கொள்ள வேண்டும்.

அந்தத் திரையில் ஒரு வரிக்கு 32 எழுத்துக்கள்தான் தெரியும். மொத்தம் 24 வரிகள். அதற்கு மேல் எழுத்தைச் சிறிதாக்கினால் அந்தக் காலத்து டி.வி.யில் எல்லாம் குழம்பி விடும். ஒரு கடிதத்தையோ, கணக்கையோ ஒழுங்காகப் பார்க்க வேண்டுமானால் ஒரு வரிக்கு 80 எழுத்துக்களாவது தெரிய வேண்டும் என்றார்கள். அதற்குத்தான் தனியாக மானிட்டர் செய்தார்கள். 1984-ல் இந்தியப் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் கற்றுக் கொடுக்க மத்திய அரசாங்கம் தொடங்கிய திட்டத்தில், "பி.பி.சி. மைக்ரோ" என்ற இங்கிலாந்து கம்ப்யூட்டரைத்தான் கொண்டு வந்தார்கள். அது 80 எழுத்தும் காட்ட வல்லது.

ஆக, படம் பார்க்க ஒரு திரை, எழுத்து பார்க்க ஒரு திரை என்று பாதை பிரிந்து விட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவை வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ந்தேதி. அதன் பிறகு பல ஆண்டுகள் கிராமத்துக்கு ஒரு டி.வி. இருந்தாலே அதிசயம். 2006-ம் ஆண்டு அரசாங்கம் இலவசக் கலர் டி.வி. திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குல டி.வி. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அது கிடைத்தது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது.

ஒரே வீட்டில் அரசாங்கம் கொடுத்த டி.வி.யும் இருந்தது, அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பும் இருந்தது. ஆனால் ஒன்றோடு ஒன்றைச் சேர்க்க நேரான வழி இல்லை. அது பிக்சர் டியூப் வைத்த பெட்டி. இது புதுக் காலத்துக் கருவி. மாமியாரும் மருமகளும் பேசாமல் ஒரே வீட்டில் இருந்த கதைதான்!

இப்போது அந்தத் தகராறு தீர்ந்து விட்டது. தட்டையான டி.வி., மானிட்டர், லேப்டாப் மூன்றிலும் பெரும்பாலும் "எச்.டி.எம்.ஐ." என்ற ஒரே மாதிரி ஓட்டை இருக்கிறது. ஒரு வயரை இங்கே செருகி அங்கே செருகினால் படம் வந்து விடும். அதனால்தான் "இரண்டும் ஒன்றுதானே?" என்ற கேள்வி மறுபடியும் வந்திருக்கிறது.

புள்ளிக் கோலம்

ஒன்று அல்ல. காரணம் புள்ளியில் இருக்கிறது.

மார்கழி மாதத்தில் வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறார்கள். புள்ளிகளை நெருக்கி வைத்தால் கோலம் நுணுக்கமாக இருக்கும். அதே எண்ணிக்கைப் புள்ளிகளைத் தெரு முழுவதும் பரப்பி வைத்தால்? கோலம் பெரிதாக இருக்கும். நுணுக்கம் இருக்காது.

திரையும் புள்ளிக் கோலம்தான். சாதாரணமான 24 அங்குல மானிட்டரில் குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 வரிசை. பெருக்கிப் பார்த்தால் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் 32 அங்குல டி.வி.க்களில் பெரும்பாலானவை "எச்.டி. ரெடி" வகையைச் சேர்ந்தவை. அதில் குறுக்கே 1,366 புள்ளி, நெடுக்கே 768 வரிசை. மொத்தம் சுமார் பத்தரை லட்சம்.

அதாவது, பெரிய திரையில் பாதிப் புள்ளிதான்! திரையின் பரப்போ ஒன்றே முக்கால் மடங்கு. ஆகவே டி.வி.யின் ஒவ்வொரு புள்ளியும் மானிட்டரின் புள்ளியைப்போல் மூன்றரை மடங்கு பெரிது.

எட்டு அடி தள்ளி உட்கார்ந்து சினிமா பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. டி.வி.யைச் செய்தவர்கள் அந்தத் தூரத்தை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். மேஜையிலோ இரண்டு, இரண்டரை அடி தூரம்தான். அங்கே ஒவ்வொரு புள்ளியும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

தமிழுக்கு இது இன்னும் கஷ்டம். ஆங்கில எழுத்து பெரும்பாலும் கோடும் வளைவும்தான். தமிழில் தலைக்கு மேல் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதே, அது தெரியாவிட்டால் "நெல்" என்பது "நெல" ஆகி விடும். "கொடு" என்பதற்கும் "கோடு" என்பதற்கும் இடையே இருப்பது ஒரு சிறிய சுழி. "ண" எழுத்துக்கு மூன்று சுழி, "ன" எழுத்துக்கு இரண்டு சுழி. மங்கலான திரையில் இவற்றைக் கண்டுபிடிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். நாள் முழுவதும் கண்ணைச் சுருக்கினால் மாலையில் தலைவலி வரும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது வேண்டாத தொல்லை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. "இந்த டி.வி. முழு எச்.டி. படத்தையும் காட்டும்" என்று கடைக்காரர் சொல்லக் கூடும். அவர் சொல்வது பொய் அல்ல. பெரிய படத்தை வாங்கிக் கொண்டு, தன்னிடம் உள்ள பத்தரை லட்சம் புள்ளிக்குள் அதை அமுக்கிக் காட்டும். சினிமா கெடாது. எழுத்து நசுங்கி விடும்.

நிறத்தில் ஒரு சிக்கனம்

புள்ளி சரியாக இருந்தாலும் டி.வி.யில் ஒரு குறை வரலாம். சினிமாவையும் நாடகத்தையும் அனுப்பும்போது நிறத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி அனுப்புவார்கள். நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்று என்று பங்கு வைத்து விடுவார்கள். மனிதர்களின் முகத்திலும், வயல்வெளியிலும் இது தெரியாது. கண் ஏமாந்து போகும்.

ஆனால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இருந்தால்? ஓரத்தில் நிறம் வழியும். மை ஊறிய காகிதம்போல் இருக்கும். கம்ப்யூட்டர் முழு நிறத்தையும் அனுப்பினால்கூட, பல டி.வி.க்கள் பழைய பழக்கத்தில் அதைச் சுருக்கி விடுகின்றன. சில கம்பெனிகளின் டி.வி.யில், வயர் செருகிய இடத்துக்குப் "பி.சி." என்று பெயர் மாற்றினால் இந்தக் குறை நீங்கும். அந்த விவரம் கடையில் பலருக்குத் தெரிவது இல்லை.

ஓரத்தை வெட்டுவது டி.வி.யின் மற்றொரு பழக்கம். படத்தைச் சற்றுப் பெரிதாக்கி நாலு பக்கமும் கொஞ்சம் மறைத்து விடும். சினிமாவில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் அடிப்பக்கப் பட்டியையே காணோம் என்று பிள்ளை தேடும்! "ஜஸ்ட் ஸ்கேன்" அல்லது "ஸ்கிரீன் ஃபிட்" என்று ரிமோட்டில் இருப்பதை அமுக்கினால் சரியாகி விடும்.

பிறகு தாமதம். டி.வி. தனக்கு வந்த படத்தை அழகு பண்ணித்தான் காட்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக் கொள்ளும். சில டி.வி.க்களில் அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வரைகூட ஆகும். கையில் எலியை நகர்த்தினால் திரையில் அம்பு பின்னால் வரும். நாள் முழுவதும் டைப் அடிப்பவருக்கு இது எரிச்சல் தரும்.

இந்த அழகு பண்ணும் வேலையால் கும்பகோணம் போன்ற ஊர்களில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டி.வி. மஞ்சளைப் பளிச்சென்று காட்டும். அச்சில் வந்து பார்த்தால் வேறு மஞ்சளாக இருக்கும். பெண் வீட்டாருக்கு யார் பதில் சொல்வது? நல்ல மானிட்டரிலும் நிறம் அச்சைப்போலவே இருந்து விடாது. ஆனால் இவ்வளவு தூரம் விலகாது.

வரி செய்த வேலை

இந்த விஷயத்தில் அரசாங்கத்தின் வரிக்கும் ஒரு பங்கு உண்டு.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது டி.வி.க்கு 28 சதவிகிதம் வரி. 2019 ஜனவரி 1-ந்தேதி முதல் 32 அங்குலம் வரை உள்ள டி.வி.க்கும் மானிட்டருக்கும் 18 சதவிகிதம் ஆயிற்று. அதற்கு மேல் பெரிதாக இருந்தால் 28 சதவிகிதமே நீடித்தது. 2025 செப்டம்பர் 22-ந்தேதி அந்த வேறுபாடும் போய் விட்டது. எவ்வளவு பெரிய திரையானாலும் 18 சதவிகிதம்தான்.

கணக்குப் பார்ப்போம். வரி இல்லாமல் 100 ரூபாய் மதிப்புள்ள பெரிய டி.வி. முன்பு 128 ரூபாய். இப்போது 118 ரூபாய். கடைகளில் "வரி குறைந்தது! விலை குறைந்தது!" என்று பெரிய பெரிய தட்டிகள் தொங்கின. அது 43 அங்குல டி.வி.க்கு உண்மை. 24 அங்குல மானிட்டருக்கோ, 32 அங்குல டி.வி.க்கோ ஒரு காசு வரிகூடக் குறையவில்லை. அவை ஏற்கனவே 18 சதவிகிதத்தில்தான் இருந்தன.

ஆகவே அந்தத் தட்டியைப் பார்த்து உள்ளே போன குடும்பம் என்ன செய்யும்? மகளின் மேஜைக்கு மானிட்டர் வாங்கப் போய், பெரிய டி.வி.யோடு திரும்பும். சலுகை என்பது எந்தப் பொருளுக்குக் கிடைக்கிறதோ, மனம் அந்தப் பக்கம் சாய்வது இயற்கை. தேவை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

2025 கடைசியில் மற்றொன்றும் சேர்ந்து கொண்டது. கம்ப்யூட்டர் நினைவகச் சில்லுகளின் விலை உலகம் எங்கும் ஏறத் தொடங்கியது. செயற்கை அறிவு இயந்திரங்களுக்காகப் பெரிய கம்பெனிகள் அவற்றை அள்ளிக் கொண்டு போனதே காரணம். இன்டர்நெட் பார்க்கும் "ஸ்மார்ட்" டி.வி.க்குள் அந்தச் சில்லு இருக்கிறது. சாதாரண மானிட்டருக்கு அது அவ்வளவாகத் தேவை இல்லை.

எத்தனை மூட்டை நெல்?

24 அங்குல மானிட்டர் சுமார் ரூ.8 ஆயிரம் முதல் ரூ.10 ஆயிரம் வரை ஆகிறது. 32 அங்குல டி.வி. ரூ.10 ஆயிரம் முதல் ரூ.15 ஆயிரம் வரை. "4 கே" என்று சொல்லும் 43 அங்குல டி.வி. ரூ.20 ஆயிரத்துக்கு மேல்.

2025-26 கொள்முதல் பருவத்துக்குத் தமிழக அரசு சன்னரக நெல்லுக்கு வைத்த விலை குவிண்டாலுக்கு ரூ.2,545. கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. ஆக, ஒரு மூட்டை ரூ.1,018.

மானிட்டர் என்றால் 8 முதல் 10 மூட்டை. பெரிய டி.வி. என்றால் 20 மூட்டைக்கு மேல். அந்த வித்தியாசத்தைச் சம்பாதிக்க நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். 2025 அக்டோபரில் குறுவை நெல் மழையில் நனைந்து, ஈரப்பத அளவைத் தளர்த்தச் சொல்லி டெல்டா முழுவதும் கோரிக்கை எழுந்ததை மறந்து விட முடியாது. அப்படி வந்த பணத்தில் வாங்கும் பொருள் இது.

வாங்கிய பிறகும் செலவு உண்டு. 24 அங்குல மானிட்டர் சுமார் 25 வாட் மின்சாரம் எடுக்கும். தினம் 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட். 43 அங்குல டி.வி. 80 வாட் எடுத்தால் அதே நேரத்துக்கு 24 யூனிட். வீடுகளுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால் சிலருக்கு இது உறைக்காது. ஆனால் கரண்ட் போகும்போது உறைக்கும். ஒரே இன்வெர்ட்டர் பேட்டரியில் மானிட்டர் நீண்ட நேரம் ஓடும். 2018 நவம்பர் 16-ந்தேதி "கஜா" புயல் அடித்த பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் மக்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்து வீடுகளில் "எவ்வளவு கரண்ட் எடுக்கும்?" என்பது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல.

வீட்டு அமைப்பையும் பார்க்க வேண்டும். முற்றம் வைத்த பழைய வீட்டில் பகல் வெளிச்சம் நாலு பக்கமும் வரும். பல டி.வி.க்களின் முகம் கண்ணாடிபோல் பளபளக்கும். அதில் எழுத்துக்குப் பதில் முற்றத்துத் துளசி மாடம்தான் தெரியும். மானிட்டரின் முகம் பெரும்பாலும் மங்கல் பூச்சு உள்ளது. வெளிச்சம் அவ்வளவாக எதிரொலிக்காது.

டி.வி. கட்சிக்கும் பேச்சு உண்டு

இவ்வளவு சொன்னதால் டி.வி. உதவாத பொருள் என்று அர்த்தம் இல்லை.

வீட்டில் டி.வி.யே இல்லை, அல்லது பழைய பெட்டி செத்து விட்டது. லேப்டாப் எப்போதாவது ஒரு பாடம் பார்க்க மட்டும்தான் என்றால், டி.வி. வாங்குவதே புத்திசாலித்தனம். பாடத்தைத் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதில் எந்தக் கெடுதலும் இல்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கிய "கல்வி தொலைக்காட்சி" 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையாக இருந்தது! அதற்கு மானிட்டர் பயன்பட்டிருக்காது. மானிட்டரில் கேபிளும் வராது. பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கரும் கிடையாது.

வீட்டில் லேப்டாப்பே இல்லை, செல்போன் மட்டும்தான் என்றாலும் டி.வி.தான் சரி. செல்போன் படத்தை ஸ்மார்ட் டி.வி.யில் காட்ட முடியும். சாதாரண மானிட்டரில் பல செல்போன்களுக்கு அந்த வசதி இல்லை.

43 அங்குல "4 கே" டி.வி. ஒரு தனி ரகம். அதில் 83 லட்சம் புள்ளி. நெருக்கத்தில் அது 24 அங்குல மானிட்டரையே மிஞ்சும். கணக்கு எழுதுபவர்கள், ஒரே நேரத்தில் நாலு தாள் விரித்துப் பார்ப்பவர்கள் அதை மேஜையில் வைத்து வேலை செய்வது உண்டு. ஆனால் அதன் அகலம் மூன்று அடிக்கு மேல்! சாதாரணப் படிப்பு மேஜையில் வைத்தால் தேர்த் திருவிழா பார்ப்பதுபோல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப வேண்டும். மேஜை மூன்று அடி ஆழம் இருந்து, திரையைச் சுவரில் மாட்ட முடிந்தால் பரவாயில்லை. லேப்டாப் பழையதாக இருந்தால் இவ்வளவு புள்ளிகளுக்கு ஈடு கொடுக்க முடியாமல் அம்பு தத்தித் தத்தி நகரும்.

ஆனால் இந்தப் பேச்சிலே யாரும் வாய் விட்டுச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. மகளின் மேஜை மீது டி.வி. வைத்தால், அது மகளின் திரையாக எத்தனை நாள் இருக்கும்? இரவு ஏழு மணிக்கு நாடகம். எட்டு மணிக்குச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். "கொஞ்சம் அந்தண்டை போய்ப் படியேம்மா" என்று பாட்டி சொல்வாள். படிப்பவள் புத்தகத்தைத் தூக்கிக் கொண்டு அடுப்படிக்குப் போவாள்.

மானிட்டரில் இந்த ஆபத்து குறைவு. சத்தம் வராத பெட்டி என்று அப்பா குறை சொன்னாரே, அந்தக் குறைதான் அதற்குக் காவல். அது படிக்கும் பிள்ளைக்குச் சொந்தம். வேறு யாருக்கும் அதில் வேலை இல்லை. தினம் மூன்று, நாலு மணி நேரம் எழுத்து பார்க்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் மானிட்டர்தான் வாங்க வேண்டும். அம்மாவின் நாடகத்துக்கு டி.வி. கூடத்தில் இருக்கட்டும். இரண்டும் வாங்க இந்த வருஷம் முடியாது என்றால், மானிட்டர் முதலில், டி.வி. அடுத்த அறுவடைக்கு.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

எதை வாங்கினாலும் லேப்டாப்பைக் கையோடு கடைக்குக் கொண்டு போக வேண்டும். கடையில் ஓடும் அருவியையும், பூந்தோட்டத்தையும் பார்த்து மயங்கக் கூடாது. அவை எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். வயரை மாட்டச் சொல்லி, தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் பக்கத்தைத் திறந்து, இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி தெளிவாகத் தெரிகிறதா? ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா? பெட்டி மீது 1,920 - 1,080 என்ற எண்கள் இருக்கின்றனவா? "ரெடி" என்ற வார்த்தை இருந்தால் மேஜைக்கு வேண்டாம்.

வீட்டில் வைக்கும்போது திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு கை நீளம் தள்ளி இருக்க வேண்டும். டி.வி.யின் கால்கள் இரண்டு ஓரத்திலும் அகன்று நிற்கும். உயரத்தைக் கூட்ட முடியாது. மானிட்டரிலும் விலை குறைந்தவற்றில் உயரத்தை மாற்ற முடியாது. பழைய புத்தகங்கள் நாலைந்தை அடியில் அடுக்கினால் போதும்.

கையில் அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் பழைய மானிட்டர்கள் விற்கிறார்கள். பெரிய ஆபீசுகளில் கழித்து விடுபவை இப்படி விற்பனைக்கு வருவது உண்டு. புதியதைவிட விலை குறைவு. வாங்குபவர்கள் அதன் முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழையவற்றில் "வி.ஜி.ஏ." என்ற 15 ஊசி ஓட்டை மட்டும்தான் இருக்கும். புதிய லேப்டாப்பில் அதற்கு ஜோடி கிடையாது. நடுவில் மாட்டும் ஒரு சிறிய மாற்றுக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதையும் அதே கடையில் வாங்கி, அங்கேயே மாட்டி, படம் வருகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.